கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் தேர்வு இல்லை

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. பள்ளி மைதானத்தின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டவை கைகள். கொடிக்கம்பத்துக்கு இடப்பக்கம் தனியாக நிறுத்தப்பட்டிருந்த பிள்ளைகள் கைகளைத் தூக்கியபடி நின்றார்கள். மேடையில் சாரணர் படையின் மாஸ்டர். என்னைப் பார்த்ததும், "சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க. எண்ணிச் சொல்லுங்க" என்றார்.

எண்ணினேன். இருபத்து மூன்று. இருபத்திரண்டு கைகள் தலைக்கு மேலே நின்றன. பின்வரிசையில் ஒரு கை மட்டும் காது உயரத்தில் நின்றது. அதையும் சேர்த்துத்தான் இருபத்து மூன்று.

மாஸ்டர் கேட்டிருந்த கேள்வி இதுதான்: கடற்கரைத் தெருக்களிலிருந்து வருகிறவர்களில் யார் யாருக்கு நீச்சல் தெரியும்? தனியாக நின்ற அத்தனை பேரும் கை தூக்கிவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். நான் பெயர்களை எழுதினேன். அடுத்த வாரம் அந்த இருபத்து மூன்று பேரின் சட்டைக் கையிலும் நீச்சல் பேட்ஜ் இருந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். என் மகள் அந்தச் சாரணர் படையில் இருந்தாள். பேப்பர்க்காரர் என்பதால் பெற்றோர் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். ஆண்டறிக்கை எழுதுவது என் வேலை. படையைப் பற்றி நாளிதழில் அவ்வப்போது இரண்டு பத்திச் செய்தி வரும். அதை எழுதியதும் நான்தான். ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

மாஸ்டர் பள்ளி ஆசிரியர் இல்லை. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தார். சிறு வயதில் சாரணராக இருந்தவர். பள்ளிக்கூடங்களைச் சாராமல் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒன்பது பிள்ளைகளோடு இந்தப் படையைத் தொடங்கினார். மைதானத்தை ஞாயிறு காலைக்கு மட்டும் இரவல் வாங்கியிருந்தார். முதல் ஆண்டு முழுக்க ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. பிறகு அவர்கள் பேருந்து நிலையத்தில் தண்ணீர் கொடுத்ததை நான் செய்தியாக எழுதினேன். படம் வந்தது. அந்த வாரம் ஆறு பேர் சேர்ந்தார்கள். மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒருவர் தன் இரட்டைப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் கூட்டிவந்தார். மூன்றாம் ஆண்டு முடிவில் நூறைத் தாண்டிவிட்டது.

மாஸ்டர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கண்டெய்னர் எண்களோடு இருப்பவர். இங்கேயும் அப்படித்தான் பேசுவார். "ஸ்ட்ரென்த் ஏறுது சார், அதுக்குத் தக்க பேட்ஜும் ஏறணும்லா. இல்லைன்னா வெறுங் கூட்டம்னு சொல்லுவானுவ." மாநில விருதுக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. அதற்கு ஆளுக்குக் குறிப்பிட்ட அளவு பேட்ஜ் வேண்டும். அதில் நீச்சலும் ஒன்று.

நீச்சலுக்குக் குளம் வேண்டும். ஒரு தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் இருந்த குளத்தை ஞாயிறு ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் இருபது பிள்ளைகள்தான் இறங்கலாம். நூறு பேருக்கு அது போதாது. அப்போதுதான் மாஸ்டருக்கு அந்த யோசனை வந்தது. கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், உப்பளத்துப் பக்கத்துப் பிள்ளைகள், வேனில் வருகிறவர்கள், இவர்கள் குளத்தில் படிக்கட்டும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு எதற்கு?

பெற்றோர் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். சங்கு குளிக்கிற ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் ஓர் அணியின் தலைவி. அவர் எழுந்து, "கடல்ல கெடக்குறவன் பிள்ளையக் கொண்டுபோய்க் குளத்துல போட்டுச் சோதிச்சா ஊரு சிரிக்கும் மாஸ்டர்" என்றார். அதற்கும் சிரித்தோம். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அதை ஒரு மரியாதையாகத்தான் செய்தோம்.

காது உயரத்தில் நின்ற கை அந்த அணித்தலைவியுடையது.

அவளுக்குப் பதினாறு முடிந்து சில மாதம். பிளஸ் ஒன் படித்தாள். முடிச்சு, முதலுதவி, வரைபடம், சமையல் எல்லாவற்றிலும் பேட்ஜ் வாங்கியிருந்தாள். அவளுடைய அணி எட்டுப் பேரும் நேரத்துக்கு வருவார்கள். அவளுடைய அப்பாவுக்கு ஒரு காது கேட்காது. ஆழத்தில் செவிப்பறை வெடித்தது. மாநில விருது வாங்கியவர்களுக்குச் சில வேலைகளில் முன்னுரிமை உண்டு என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். அந்த வீட்டில் அதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மகள் ஃபேன் காற்றுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பார் அவர். விண்ணப்பிக்க அந்த ஒரு வருடம்தான் அவளுக்கு இருந்தது. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

"படையின் கடலோர உறுப்பினர்கள் அனைவரும் நீச்சலில் தகுதி பெற்றனர்" என்று நான் செய்தி எழுதினேன். நாலாம் பக்கத்தில் வந்தது.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். வானம் மூடியிருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் நிலக்கரித் தூசி இருந்தது. சாக்கைப் பிடித்த கையெல்லாம் கருத்துப்போனது. கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருந்த தூண்டில் வளைவின் கற்கள் மேல் பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னப் பையன் ஒருவன் வழுக்கி உள்ளே விழுந்தான். எட்டு வயது. மாப்பிள்ளையூரணி வேனில் வருகிறவன்.

அவனுக்கு மிக அருகில் நின்றது அணித்தலைவி. நாலைந்து அடிதான். வேனோடு வந்திருந்த ஒரு அம்மா அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தார். "ஏளா, நீச்சல் பேட்ஜ் போட்டுருக்கியே, எறங்கு. எறங்குளா."

அவள் இறங்கவில்லை. கல்லின் விளிம்பில் முட்டிபோட்டு ஸ்கார்ஃபைக் கழற்றி நீட்டினாள். அது எட்டவில்லை. எழுந்து நின்றாள். மறுபடி முட்டி போட்டாள். அந்தப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து குதித்துப் பையனைத் தூக்கினார். நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். பையன் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். அன்று மாலையே வீட்டில் விளையாடிக்கொண்டிருந்ததாக வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது.

பயந்துவிட்டாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தெரியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுடைய தெருப் பையன்களே, "கடல்காரி தண்ணியப் பாத்துச் செலையா நின்னுட்டா" என்று கேலி செய்தார்கள். வலைக்காரர் மட்டும் அவளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்றா, தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அணிவகுப்பில் அவளுடைய சட்டைக் கையில் பேட்ஜ் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. மாஸ்டர் கேட்டதற்குத் துவைத்ததில் பிரிந்துபோனது என்றாள். அவர் பேட்ஜ்கள் வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். பழைய துளைகளிலேயே தைத்துக்கொள்ளச் சொன்னார்.

விருதுக்கான சோதனை முகாம் ஜனவரி கடைசியில், வேறொரு மாவட்டத்தில். எங்கள் படையிலிருந்து பதினேழு பேர் போனார்கள். இவ்வளவு பேரை ஒரே படை அனுப்புவது அந்த முகாமில் பெரிய விஷயம். மாஸ்டர் புதுச் சீருடை தைத்திருந்தார். நான் பெற்றோர் பிரதிநிதியாகவும் செய்திக்காகவும் கூடப் போனேன்.

மூன்றாம் நாள் காலை நீச்சல் குளத்தருகே சோதனை. நிறையப் படைகள் காத்திருந்தன. தேர்வாளர் வயதானவர், பொறுமையானவர், ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகளின் பேட்ஜ் பதிவுப் புத்தகங்களைப் புரட்டினார். கையெழுத்துகளைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். மாஸ்டர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"முத்துக்குளிக்கிற ஊராச்சே. அப்ப இந்தப் பிள்ளைங்களத் தண்ணியில எறக்கிப் பாக்கணுமா என்ன?" என்று சொல்லிக்கொண்டே பேனாவின் மூடியைத் திறந்தார். ஏழு பேர் கடற்கரைப் பிள்ளைகள் என்று மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். தேர்வாளர் அந்த ஏழு புத்தகங்களையும் தனியாக வைத்து ஒவ்வொன்றாக டிக் போடத் தொடங்கினார். நான் குறிப்பேட்டில் அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல மேற்கோள்.

மூன்றாவது புத்தகத்தில் இருந்தபோது அவள் வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். ஏழு பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாது."

தேர்வாளர் அதை விளையாட்டு என்று நினைத்தார். சிரித்தார். அவள் அதே குரலில் மறுபடி சொன்னாள். மாஸ்டர் குறுக்கே வந்து, ரெண்டு நாளா அவளுக்கு உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"காய்ச்சல்லாம் இல்ல. நான் கடல்ல எறங்குனதே இல்ல சார். எங்க தெருவுல பொம்பளப் பிள்ளைய எறங்க விடமாட்டாங்க."

தேர்வாளர் பேனாவை மூடினார். இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். மாஸ்டர் தன்னுடையது என்றார். சோதித்துப் பார்த்துத்தான் போட்டீர்களா என்ற கேள்விக்கு அவர் என்னைப் பார்த்தார். பெயர்களை எழுதியவன் நான்தான். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

மற்ற ஆறு பேரும் பையன்கள். அங்கேயே குதித்துக் காட்டத் தயாராக இருந்தார்கள். தேர்வாளர் வேண்டாம் என்றார். சோதிக்காமல் போட்ட கையெழுத்து யாருக்குமே செல்லாது என்பதுதான் விதி. ஏழு புத்தகங்களும் திரும்பி வந்தன. ஊரில் முறையாகச் சோதித்துக் கடைசித் தேதிக்குள் அனுப்பலாம் என்றார். ஐந்து வாரம் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் முன்பக்கம் தனியாக உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் என் மகள் உட்கார வேண்டியது. பின்னால் வந்து என்னருகே உட்கார்ந்தாள். என் மகள் குளத்தில் படித்தவள், அவளுடைய புத்தகத்தில் டிக் விழுந்திருந்தது. அப்படியும், "அவ வாய மூடிட்டு இருந்துருந்தா எல்லாருக்கும் கெடச்சுருக்கும்பா" என்றாள். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு பையன், "ஏலே, அடுத்து முடிச்சு போடத் தெரியாதும்பா பாரு, கயித்த ஒளிச்சு வையி" என்றான். சிலர் சிரித்தார்கள். கோவில்பட்டி தாண்டும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

அந்த வாரம் மாஸ்டரின் மனைவி, படையில் இருந்த மற்றக் கடற்கரைப் பெண்பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். எட்டுப் பேர். எல்லாரும் சின்னவர்கள். எல்லாரும் பேட்ஜ் போட்டவர்கள். ஆறு பேருக்கு நீச்சல் தெரியாது. கை ஏன் தூக்கினாய் என்றதற்கு ஒரு சிறுமி, தூக்காவிட்டால் எங்கள் தெரு இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்று சொன்னாளாம்.

நான் நாளிதழுக்கு ஒரு திருத்தம் எழுதினேன். நாலு வரி. டெஸ்கில் இருந்தவருக்குப் போன் செய்தேன். யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வக்கீல் நோட்டீஸ்? இல்லை. "பெறவு எதுக்குங்க, இருக்குறதக் கெளறிக்கிட்டு" என்று வைத்துவிட்டார். நான் அதை அனுப்பவில்லை. அவர் சொன்னதால் அனுப்பவில்லை என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பா ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். மகள் மேல் கோபம் இல்லை என்றார். தன்னை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது என்றார்.

"நான் கேக்கவே இல்ல அண்ணாச்சி. கேக்கணும்னே தோணல. நம்ம பிள்ளைக்குப் பசிக்கத் தெரியுமான்னு யாராச்சும் கேப்பாங்களா?"

தொழிற்சாலைக் குளத்தில் நீச்சல் உடை இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். படைக்குக் கொடுத்த நேரத்தில் பையன்களும் இருப்பார்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு, ஆனால் அது குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு மட்டும். என் மகளை நான் யோசிக்காமல் இறக்கிவிட்டேன். அணித்தலைவியின் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். நான் குளத்து மேலாளரிடம் பேசிப் பார்த்தேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. நான் இரண்டாவது முறை போய்க் கேட்கவில்லை.

அதனால் அவளுடைய அப்பாவே சொல்லிக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். விடிவதற்கு முன், வள்ளங்கள் போனபிறகு, ஆளில்லாத கரையில். ஐந்து நாள் போனார்கள். சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் அவள் நின்றாள். அவர் என்ன செய்யச் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

"எப்படிச் சொல்லிக்குடுக்கன்னு தெரியல. எனக்கு ஒருத்தனும் சொல்லித் தரல. எங்க சித்தப்பன் வள்ளத்துல இருந்து தூக்கிப் போட்டான், அவ்ளோதான். இவளப் போட எனக்குக் கை வரல." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "பத்துப் பாகம் ஆழத்துல கெடக்கிற சங்க எடுத்துட்டு வாரேன். பிள்ளைய மெதக்க வைக்கத் தெரியல."

ஐந்தாம் நாள் தண்ணீர் மூக்கில் ஏறி அவளுக்கு மூச்சு முட்டியது. அன்றோடு அம்மா நிறுத்திவிட்டார்.

அப்பா என் வீட்டுக்கு வந்த காரணம் வேறு. மாஸ்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். மறுசோதனை அன்று குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில் சுவரைப் பிடித்தபடி நாலடி போனால் போதும், யாரும் பார்க்க மாட்டார்கள், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக. உடையைப் பற்றியும் பேசிச் சரிசெய்துவிடலாம். மாஸ்டர் கெட்டவர் இல்லை. அந்த ஒரு கையெழுத்துக்காக அவளுடைய வருடம் போவதை அவரால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்குச் சம்மதம். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்து வந்திருந்தார்.

நான் அவளிடம் பேசவில்லை. பேசுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுசோதனை ஒரு ஞாயிறு காலை நடந்தது. வெளியூர்ச் சாரண ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். ஆறு பையன்களும் இறங்கினார்கள். ஒருவன் குதித்தவன் மேலே வரவே இல்லை. வந்தவர் பதறி ஷூவைக் கழற்றத் தொடங்கினார். பையன் குளத்தின் நீளம் முழுக்கத் தண்ணீருக்கடியிலேயே போய் மறுமுனையில் தலையைத் தூக்கினான். நீச்சலைப் பார்க்க வேண்டாமா என்று அவர் சத்தம் போட்டதற்கு, "மேல வரணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றான். அன்று எல்லாரும் சிரித்தது அந்த ஒரு முறைதான். ஆறு பேரும் தேறினார்கள்.

அவள் வந்திருந்தாள். முழுச் சீருடையில், அணியோடு. தன் பெயர் கூப்பிடப்பட்டதும், "இறங்கலை சார்" என்றாள். வந்தவர் தாளில் அப்படியே எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவள் கிளம்பவில்லை. ஈரமாக ஏறிவந்த பையன்களுக்கு அணித்தலைவி செய்ய வேண்டியதைச் செய்தாள், துண்டுகளை எண்ணிக் கொடுத்தாள், எண்ணி வாங்கினாள். அவளிடமிருந்து வாங்கியவர்களில் இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள். சட்டைக் கையில் துளைகள் இருந்த இடத்தில் துணி கொஞ்சம் வெளுக்காமல் இருந்தது.

விண்ணப்பங்கள் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாஸ்டர் தன் அலுவலக மேசையில் வைத்துப் பதினாறு புத்தகங்களைக் கட்டி, உறையில் போட்டு, கூரியர் பையனிடம் கொடுத்தார். பதினேழாவது புத்தகத்தை அவளுடைய அப்பா மூன்று மணிக்கு வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.